ஊதல் பிடிக்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோம்



காற்பந்து என்றவுடன் நம்மவர் வாயில் தானாக வரும் பெயர்கள் சில உண்டு. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1974ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற குழுவுக்குத் தூணாக நின்ற எம். சந்திரன், 2010இல் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இப்பெயர்களைச் சொல்லும்போதே நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரத்தான் வேண்டும்.

ஆனால், கோவிந்தசாமி சுப்பையா என்ற பெயரை நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஆறுமுகமும் சந்திரனும் ஆடிய அதே காலத்தில், உலகக் கிண்ணப் போட்டியின் திடலில் கால் பதித்த ஒரு தமிழர் அவர். பந்தை உதைக்க அவர் அங்குப் போகவில்லை. ஊதல் பிடிக்கப் போனார். அதனால்தானோ என்னவோ, நம் பள்ளிகளின் சுவர்களில் அவருடைய படம் இல்லை. நம் மாணவர்களின் கட்டுரைகளில் அவருடைய பெயர் இல்லை.

இக்குறையைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் எழுத விரும்புகிறேன்.

ஒரே ஓர் ஆட்டம்

'ஜார்ஜ் சுப்பையா' என்றும் அழைக்கப்பட்ட கோவிந்தசாமி சுப்பையா சிங்கப்பூரைச் சேர்ந்தவர். 1974ஆம் ஆண்டு அன்றைய மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணத்திற்கு நடுவராகத் தேர்வு பெற்றார். உலகக் கிண்ண ஆட்டமொன்றை நடத்திய முதல் சிங்கப்பூரர் அவரே. ஐரோப்பிய, தென்னமெரிக்க நடுவர்கள் நிறைந்திருந்த அப்பட்டியலில் ஆசியாவுக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அவருடையது. 2012இல் அவர் மறைந்தார்.

உலகக் கிண்ணத்தில் நடுவராக அவர் நடத்தியது ஒரே ஓர் ஆட்டம். 1974 ஜூன் 19ஆம் நாள், மியூனிக் நகரம், போலந்தும் ஹெய்த்தியும் மோதிய ஆட்டம். முடிவு: போலந்து 7, ஹெய்த்தி 0. ஷார்மாக் மூன்று கோல், லாத்தோ இரண்டு, டெய்னாவும் கோர்கோனும் ஆளுக்கு ஒன்று. அந்த உலகக் கிண்ணத்தில் போலந்து மூன்றாம் இடம் பெற்றது. ஏழு கோல் போட்ட லாத்தோ அதிகக் கோல் அடித்தவர் என்ற சிறப்பைப் பெற்றார். இவையெல்லாம் பதிவேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. 'நடுவர்: ஜி. சுப்பையா' என்பது கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

"ஏழுக்குச் சுழியம் என்றால் ஒருபக்க ஆட்டம்தானே! அதில் நடுவருக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நான் வேறு விதமாக எண்ணுகிறேன்.

அன்றைய ஹெய்த்தி குழுவை நினைத்துப் பாருங்கள். வறிய சிறு நாடு. உலகக் கிண்ணத்திற்கு முதன்முறையாக வந்திருந்தது. நான்கு நாள் முன்னர், 1,100 நிமிடங்களுக்கும் மேலாக அனைத்துலக ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாதிருந்த இத்தாலியின் டினோ ஸோஃபை வென்று சனோன் என்ற ஹெய்த்தியர் ஒரு கோல் போட்டார். உலகமே வியந்தது. அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அவ்வாட்டத்திற்குப் பிறகு அக்குழுவின் ஆட்டக்காரர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். சொந்த நாட்டு அதிகாரிகளே அவரை அடித்து இழுத்துச் சென்று ஊருக்கு அனுப்பினர். அந்த அதிர்ச்சியோடுதான் மற்றவர்கள் மியூனிக் திடலில் இறங்கினார்கள். இடைவேளைக்குள் ஐந்து கோல் விழுந்துவிட்டது.

ஐந்து கோல் பின்தங்கிய குழுவுக்கும் அதே 90 நிமிடம்தான். அந்தக் குழுவின் காலைத் தட்டிவிட்டாலும் அதே குற்றம்தான். அந்தக் குழுவுக்கும் அதே 'ஃப்ரீ கிக்' உண்டு. "தோற்கப் போகிறவன்தானே, போகட்டும்" என்று ஊதலை வாயிலிருந்து இறக்கிவிட நடுவருக்கு உரிமை இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று இழுபறியாக ஓடும் ஆட்டத்தில் எல்லார் கண்ணும் நடுவர்மேல் இருக்கும். அங்கே நேர்மையாக இருக்க அச்சமே உதவும். எவரும் பார்க்காத, முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்தில், தோற்கிறவனுக்கும் உரியதைக் கொடுப்பவரே நடுவர்.

ஆசிரியர்களே, இது நமக்குப் புதிதல்ல. முன் வரிசையில் கைதூக்கும் பிள்ளைக்கும் கடைசி வரிசையில் தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளைக்கும் நாம் ஒரே அளவில் நேரம் கொடுக்கிறோமா என்பதும் இதே கேள்விதான்.

ஆட்டத்தின் சட்டம் எழுதிய ஆசிரியர்கள்

நடுவர் பணிக்கும் ஆசிரியர் பணிக்கும் உள்ள உறவு நான் கற்பனையாகச் சொல்வதன்று. காற்பந்து வரலாறே அதற்குச் சான்று.

1891க்கு முன்னர் நடுவர் திடலுக்குள் நிற்பதில்லை. இரு குழுவும் ஆளுக்கொருவராகத் தீர்ப்பாளரைக் கொண்டு வரும். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாதபோது மட்டும் வெளியே நிற்கும் மூன்றாமவரைக் கேட்பார்கள். தன் பக்கத்து ஆள் தனக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்பது வெளிப்பட்ட பிறகே, எந்தப் பக்கமும் சேராத அந்த மூன்றாமவரைத் திடலின் நடுவே கொண்டு வந்து நிறுத்தினார்கள். நம் மொழியில் 'நடுவர்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்த இடம் இருக்கிறது. வள்ளுவர் 'நடுவு நிலைமை' என்று 12ஆம் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்தார்.

காற்பந்தின் விதிகள் பதினேழு. அவற்றை 1938இல் ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதியவர் ஸ்டான்லி ரவுஸ் என்ற ஆங்கிலேயர். வாட்ஃபோர்டில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் 1961 முதல் 1974 வரை ஃபிஃபாவின் தலைவராகவும் விளங்கினார்.

மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று நம் பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்கிறார்களே, அவற்றைக் கண்டவரும் ஓர் ஆசிரியர்தான். கென் ஆஸ்டன் இலண்டன் அருகே ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். உலகக் கிண்ண நடுவராகவும் இருந்தவர். 1966இல் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தில் நடுவர் ஜெர்மானியர். அவர் பேசியது ஸ்பானிய மொழிக்காரர்களுக்குப் புரியவில்லை. யார் எச்சரிக்கப்பட்டார், யார் வெளியேற்றப்பட்டார் என்பதே குழப்பமாயிற்று. அதை எண்ணிக்கொண்டு வண்டியோட்டி வந்த ஆஸ்டனுக்குச் சாலை விளக்கு வழி காட்டியது: மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் அறிமுகமாயின. உலகக் கிண்ணத்தில் முதன்முதலில் ஓர் ஆட்டக்காரர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியது, சுப்பையா சென்ற அதே 1974ஆம் ஆண்டில்தான்.

பல மொழி பேசும் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரிந்த ஒரு தலைமையாசிரியருக்குத்தான் மொழி வேண்டாத ஓர் அடையாளம் தோன்றியிருக்கிறது. மலாய், சீனம், தமிழ் மூன்றும் ஒரே திடலில் ஒலிக்கும் பேராக்கில் வாழும் நமக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

தோட்டத் திடலில் ஊதல்

நம் மாநிலத்திற்கு வருவோம். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, பீடோர், பாகான் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய இரப்பர்த் தோட்டங்களின் சுவடு இருக்கும். லயம், ஆயாக்கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, அவற்றுக்கு நடுவே ஒரு திடல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. திடல்களில் பல இன்று இல்லை. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டங்களைப் பற்றிப் பேசாத முதியவர் ஈப்போ புந்தோங்கில் இன்றும் இல்லை.

அந்த ஆட்டங்களில் ஊதல் பிடித்தவர் யார்? என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஒன்று கிராணி, இல்லையேல் பள்ளி வாத்தியார். கிராணி ஊதினால் கீழ்ப்படிவார்கள். மறுநாள் காலைப் பெரட்டில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே! வாத்தியார் ஊதினால் ஒத்துக்கொள்வார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் ஆயிற்றே! கிராணிக்குக் கிடைத்தது பணிவு. வாத்தியாருக்குக் கிடைத்தது நம்பிக்கை. ஆசிரியருக்கு ஊர் கொடுத்த அந்த நம்பிக்கையை நாம் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றினோமா? இல்லை என்றே நினைக்கிறேன். விளையாட்டாளர்களை உருவாக்கினோம். நடுவர்களை உருவாக்க வேண்டும் என்று எண்ணவே இல்லை.

"நீயும் தமிழன்தானே!"

சில ஆண்டுகளுக்கு முன்னர் கிந்தா மாவட்டத்தில் 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்தேன். ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளி. மறு பக்கம் தேசியப்பள்ளி. நடுவராக நின்றவர் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். அவரும் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தவரே. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழ்ப்பள்ளித் தற்காப்பு ஆட்டக்காரனின் கையில் பந்து பட்டது. கோல் கம்பத்திற்கு முன்னால், எல்லாரும் பார்க்க, கை நீண்டு பந்தைத் தடுத்தது. ஊதல் ஒலித்தது. பினால்டி.

கோட்டுக்கு வெளியே நின்ற தந்தை ஒருவர் கத்தினார்: "டேய், நீயும் தமிழன்தானே! கொஞ்சம் பார்த்து ஊதக்கூடாதா?"

அந்த இளைஞர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். கோல் விழுந்தது, தமிழ்ப்பள்ளி தோற்றது. ஆட்டம் முடிந்த பிறகு அவருக்குக் கை கொடுக்க நம் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் போய்ப் பேசினேன். "பழகிப்போச்சு சார்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் என்னை வாட்டிக்கொண்டே இருக்கிறது. இருபது வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு ஏச்சு பழகிப் போகலாமா?

அந்தத் தந்தையின் குரலில் இருந்த கேள்வியை நாம் நேராகப் பார்க்க வேண்டும். இந்நாட்டில் உபகாரச் சம்பளத்திற்கும், பல்கலைக்கழக இடத்திற்கும், பள்ளி நிலத்திற்கும் நாம் கேட்பது என்ன? "எங்களையும் சமமாகப் பாருங்கள், இனம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்" என்பதுதானே! அது நியாயமான கோரிக்கை. அதே வாயால், ஊதல் நம் பிள்ளையின் கைக்கு வந்தவுடன், "நம் பக்கம் கொஞ்சம் சாய்" என்று கேட்டால், நாம் கேட்டது நீதியா, முறை மாறி வரும் சலுகையா? பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அன்று எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்?

"அவர்களுடைய நடுவர்கள் நமக்கு எதிராக ஊதும்போது, நம்மவர் மட்டும் ஏன் அரிச்சந்திரனாக இருக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியை ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். தவறாக ஊதுபவர் யாராக இருந்தாலும் முறையாகப் புகார் எழுதுவோம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால், நம் நடுவர் ஒருமுறை நமக்காகச் சாய்ந்துவிட்டால், அடுத்த முறை அவர் சரியாக ஊதும்போதும் நம்ப ஆளிருக்காது. இந்நாட்டுக் காற்பந்தே இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் சூதாட்டத்திற்காக ஆட்டங்கள் விற்கப்பட்டது அம்பலமானபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். நிரம்பி வழிந்த அரங்குகள் அதன்பின் காலியாயின. கோல் விழுந்தாலும் கைதட்ட மனம் வரவில்லை. அது உண்மையான கோல்தானா என்று யாருக்குத் தெரியும்?

போலந்துக்கும் ஹெய்த்திக்கும் நடுவே சுப்பையா நின்றதை இந்த இடத்தில் மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவர் அவர்களுடைய நாட்டவர் அல்லர். அவர்களுடைய மொழியினர் அல்லர். மிகச் சிறிய ஒரு நாட்டிலிருந்து வந்தவர். இருப்பினும் இரு பக்கமும் அவருடைய ஊதலுக்குக் கட்டுப்பட்டது. எந்தப் பக்கமும் சாயாதவர் என்ற நற்பெயர் இல்லாமல் அந்த இடத்திற்கு ஒருவர் போய்ச் சேர முடியாது.

அவருக்குப் பின்னரும் தமிழர் சென்றிருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்த உலகக் கிண்ணத்தில் துணை நடுவராகக் கொடி பிடித்தவர் சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர். இந்தியக் குழு இன்றுவரை உலகக் கிண்ணத் திடலில் ஆடியதில்லை. ஆனால் இந்தியர் ஒருவர் கொடியோடு அங்கு நின்றுவிட்டார். நம் நாட்டிலிருந்து சுப்கிடின் முகமட் சாலே 2010இல் தென்னாப்பிரிக்கா சென்றார். மலேசியக் குழுவுக்கு எட்டாத உலகக் கிண்ணம் மலேசிய நடுவருக்கு எட்டியது.

சிறிய பள்ளிக்கும் முடியும்

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறிய பள்ளிகள். சில பள்ளிகளில் காற்பந்துக் குழு அமைக்கப் பதினொரு பிள்ளைகள் சேர்வதே அரிது. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாமல் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் தவிப்பது எனக்குத் தெரியும். ஆனால், பதினொருவர் சேராத பள்ளியிலிருந்தும் ஒரு நடுவர் வரலாம். அதற்கு ஒரே ஒரு பிள்ளை போதும். வேகமாக ஓடத் தெரியாத, ஆனால் கூர்ந்து பார்க்கத் தெரிந்த பிள்ளை. சண்டை வந்தால் நடுவில் போய் நிற்கும் பிள்ளை. அப்படி ஒருவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அந்தப் பிள்ளை பெண்ணாகவும் இருக்கலாம். 2022 டிசம்பர் 1ஆம் நாள் கத்தாரில், கோஸ்தாரிக்காவும் ஜெர்மனியும் மோதிய உலகக் கிண்ண ஆட்டத்தை ஸ்தெஃபானி ஃப்ராப்பார் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நடத்தினார். ஆடவர் உலகக் கிண்ண ஆட்டத்தில் பெண் நடுவர் நின்றது அதுவே முதல் முறை.

"படிப்புக்கே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே?" என்று பெற்றோர் கேட்கலாம். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபோது, பிள்ளைகளின் முழு வளர்ச்சியைப் பார்ப்போம் என்று நாம் எல்லாரும் பேசினோம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதும், பலர் கத்தும்போது பதறாமல் முடிவெடுப்பதும், எடுத்த முடிவுக்குப் பொறுப்பேற்பதும் அந்த வளர்ச்சியில் அடங்காதா?

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. என் எளிய பரிந்துரைகள் இவை:

1. பள்ளி இல்லங்களுக்கிடையிலான ஆட்டங்களில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் கையில் கோட்டு நடுவர் கொடியைக் கொடுங்கள். ஆசிரியர் நடுவில் இருக்கட்டும். சில ஆட்டங்கள் கழிந்ததும் ஊதலையும் கொடுங்கள்.

2. பதினேழு விதிகளையும் எளிய தமிழில் எழுதி, படம் வரைந்து, வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். இதை மொழிப்பாட நடவடிக்கையாகவே செய்யலாம். 'ஆஃப்சைட்' என்பதை ஐந்து வரியில் விளக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் தமிழும் கூர்மையாகும்.

3. இடைநிலைப்பள்ளியை முடித்த முன்னாள் மாணவர்களுள் ஆர்வமுள்ளவரை மாநிலக் காற்பந்துச் சங்கம் நடத்தும் நடுவர் வகுப்புக்கு அனுப்புங்கள். சட்டத் தேர்வும் ஓட்டத் தேர்வும் உண்டு. இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். கட்டணத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கலாம். ஒரு குழுவுக்குச் சட்டை தைக்கும் செலவை விட அது குறைவாகத்தான் இருக்கும்.

4. பள்ளி ஆட்டங்களில் பெற்றோர் கோட்டைத் தாண்டக் கூடாது. நடுவரை ஏசக் கூடாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். ஆசிரியர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் தம் முடிவை நடுவர் மாற்ற முடியாது என்பது விதி. 2018 முதல் உலகக் கிண்ணத்தில் காணொளி உதவி வந்துவிட்டது. நம் பள்ளித் திடலில் அது இல்லை. நமக்கு அங்கே இருப்பது ஒரு மனிதரின் கண்ணும் மனச்சாட்சியும் மட்டுமே. அவர் தவறவும் செய்வார். தவறினாலும் நேர்மையானவர் என்று இரு பக்கமும் ஏற்றுக்கொள்ளும் ஒருவரை வளர்த்தெடுப்பது, கிண்ணம் வெல்லும் குழுவை வளர்ப்பதைக் காட்டிலும் கடினமானது. ஒரு சமுதாயத்திற்கு அதைவிடப் பயனுள்ளதும் வேறில்லை. இன்று திடலில் ஊதல் பிடித்துப் பழகுகிற பிள்ளை, நாளை நீதிமன்றத்திலோ, அலுவலகத்திலோ, பள்ளியிலோ இன்னொருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் அமரக்கூடும். அன்றைக்கு எதிரில் நிற்பவர் யார் பிள்ளை என்று பார்க்காமல் அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை பள்ளித் திடலில் ஆட்டம் முடிந்ததும், வென்ற குழுவைப் பாராட்டுங்கள். தோற்ற குழுவைத் தேற்றுங்கள். பிறகு, தனியாக நடந்து போகும் அந்த நடுவரிடம் உங்கள் பிள்ளையை அழைத்துச் சென்று கை கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு தமிழாசிரியன்